ஹனோய் கோபுரம் கட்டிய ஆசிரியர்

கல்லும் சுண்ணாம்பும் இன்றி, எட்டே எட்டு வட்டுகளால் ஒரு கோபுரம் கட்டி, நூறாண்டுகளுக்கும் மேலாக மாணவ மாணவியரைச் சிந்திக்க வைத்துக்கொண்டிருக்கும் ஓர் ஆசிரியரின் வரலாற்றை இங்கே காண்போம். அவர் பெயர் எட்வார்டு லூக்காஸ்.

பிரான்சு நாட்டின் அமியான் நகரில் 1842-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் நாள் அவர் பிறந்தார். பாரிசில் உயர்கல்வி பெற்று, அந்நகரின் வானாய்வு நிலையத்தில் பணியில் அமர்ந்தார். 1870-இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. விண்மீன்களைக் கணித்த கைகள் பீரங்கிப் படையில் சேவை செய்தன. போர் முடிந்தபின் அவர் ஆசிரியரானார். பாரிசின் புகழ்பெற்ற செயின்ட் லூயி, சார்லமேன் பள்ளிகளில் கணிதம் கற்பித்தார்.

எண்களே அவருக்கு உற்ற தோழர்கள். இரண்டை 127 முறை எழுதிப் பெருக்கி, வரும் விடையில் ஒன்றைக் கழித்தால் 39 இலக்கங்கள் கொண்ட ஓர் எண் கிடைக்கும். அது பகா எண் என்பதை 1876-இல் அவர் நிறுவினார். கணிப்பொறி என்ற ஒன்று இல்லாத நாள் அது! எழுபத்தைந்து ஆண்டுகள் வரை அதைவிடப் பெரிய பகா எண்ணை எவரும் கண்டுபிடிக்கவில்லை.

இத்தகைய பேரறிஞர் விளையாட்டையும் வெறுக்கவில்லை என்பதே நமக்கு வியப்பளிக்கிறது. கணித விளையாட்டுகளைத் தொகுத்து நூலாக எழுதினார். 1883-இல் ஹனோய் கோபுரம் என்ற புதிரை வெளியிட்டார். அதிலும் ஒரு குறும்பு! சியாம் நாட்டு கிளாஸ் என்பவர் கொண்டு வந்த புதிர் என்று பெட்டியின் மேல் அச்சிட்டார். அந்தப் பெயரின் எழுத்துகளைக் கலைத்து அடுக்கினால் அமியான் ஊர் லூக்காஸ் என்று வரும்!

புதிர் இதுதான். மூன்று தூண்கள். முதல் தூணில் பெரியது அடியிலும் சிறியது மேலுமாக எட்டு வட்டுகள். ஒரு நேரத்தில் ஒரு வட்டைத்தான் எடுக்கலாம். சிறியதன்மேல் பெரியதை வைக்கக் கூடாது. கோபுரம் முழுவதையும் கடைசித் தூணுக்கு மாற்ற வேண்டும்.

காசியில் ஒரு கோயிலில் 64 பொன் வட்டுகளை இப்படி மாற்றி வருகிறார்கள், அது முடிந்தால் உலகம் முடியும் என்றொரு கதையும் அந்நாளில் பிரான்சில் பரவியது. அது வெறும் கற்பனையே. ஆயினும் அஞ்ச வேண்டியதில்லை. நொடிக்கு ஒரு வட்டு என இரவு பகலாக மாற்றினாலும் 58,000 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும்!

எங்கள் வகுப்பில் அட்டையை வெட்டி எட்டு வட்டுகள் செய்தோம். முதலில் கணித நூல்கள் கூறும் வழியில் முயன்றோம். அடியிலுள்ள பெரிய வட்டை நகர்த்த வேண்டுமானால் மேலுள்ள ஏழையும் நடுத் தூணுக்கு மாற்ற வேண்டும். ஏழை மாற்ற ஆறை, ஆறை மாற்ற ஐந்தை என வேலைக்குள் வேலையாக அது இறங்கிக்கொண்டே போகிறது. சாம்பாருக்கு அடுப்பை மூட்டிவிட்டு, புளி இல்லை என்று கடைக்கு ஓடி, சில்லறை இல்லை என்று பக்கத்து வீட்டுக்குப் போவதைப் போன்றது இது. பாதியில் விட்ட ஒவ்வொரு வேலையையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். கணிப்பொறியும் இவ்வழியில் செல்லும்போது, முடியாத வேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தன் நினைவகத்தில் வைத்துக்கொள்கிறதாம். எங்களுக்கோ, நூறு நகர்வுகளுக்குள் எங்கே நிற்கிறோம் என்பதே மறந்துவிட்டது.

இதற்கு ஓர் எளிய வழியை லூக்காசின் உறவினர் ராவுல் ஒலீவ் அந்நாளிலேயே கண்டு கூறினார். மூன்று தூண்களையும் ஒரு வட்டமாக நினைத்துக்கொள்ள வேண்டும். ஒற்றைப்படை நகர்வுகளில் மிகச் சிறிய வட்டை, எப்போதும் ஒரே திசையில், அடுத்த தூணுக்கு மாற்ற வேண்டும். இரட்டைப்படை நகர்வுகளில் அதைத் தொடாமல், மற்ற வட்டுகளில் விதிப்படி நகர்த்தக்கூடியதை நகர்த்த வேண்டும். அப்படி ஒன்றே ஒன்றுதான் இருக்கும். மொத்த வட்டுகள் இரட்டைப்படையானால் சிறிய வட்டு முதலில் நடுத் தூணுக்கும், ஒற்றைப்படையானால் கடைசித் தூணுக்கும் செல்ல வேண்டும். அவ்வளவே!

கணக்கு என்றாலே கண்கலங்கும் தோழி ஒருத்தி எங்களிடையே உண்டு. தனக்கு நினைவாற்றல் இல்லை என்று அவள் எப்போதும் வருந்துவாள். இவ்வழியில் 255 நகர்வுகளையும் ஒரு பிழையுமின்றி முடித்தவள் அவள்தான்! முதல் வழியிலும் நகர்வுகள் அதே 255தான். ஆனால் இங்கே முன்னே நடந்ததை நினைவில் சுமக்க வேண்டியதில்லை. கண்முன் இருப்பதைப் பார்த்து அடுத்த அடியை எடுத்து வைத்தால் போதும். அன்று அவள் முகத்தில் கண்ட மகிழ்ச்சியை நாங்கள் மறக்கமாட்டோம். அவளைக் கேலி செய்த நாட்களை எண்ணி வெட்கினோம்.

லூக்காசின் முடிவு நம் நெஞ்சை உருக்குவது. 1891-இல் அறிவியல் சங்க விருந்து ஒன்றில் பணியாளர் ஒருவர் தவறவிட்ட தட்டுகள் உடைந்து, ஒரு சில்லு அவர் கன்னத்தைக் கிழித்தது. காயத்தில் நோய்த்தொற்று ஏற்பட்டு, சில நாட்களில், அக்டோபர் 3-ஆம் நாள், அவர் உயிர் நீத்தார். பென்சிலின் கண்டுபிடிக்கப்படாத காலம்! அப்போது அவருக்கு வயது 49 மட்டுமே. அவருடைய விளையாட்டுக் கணித நூலின் கடைசி இரு தொகுதிகள் 1893, 1894 ஆண்டுகளில்தான் வெளிவந்தன. அவற்றை அச்சில் காணும் பேறு அவருக்குக் கிட்டவில்லை.

அவர் மறைந்தார், அவர் கட்டிய கோபுரம் நிற்கிறது. கணிப்பொறிக் கல்வி பயில்வோர் இன்றும் அதனருகே சற்று நின்றுதான் செல்கின்றனர். பொதுத்தேர்வு என்னும் பெரிய கோபுரத்தின் முன் நிற்கும் நாமும், முழுச்சுமையையும் எண்ணி மலைக்காமல், அடுத்த ஒரு வட்டைச் சரியாக நகர்த்துவோம். நகர்த்தத் தெரியாமல் தவிக்கும் தோழிக்கு எளிய வழி ஒன்றைத் தேடியும் தருவோம்.

— பத்தாம் வகுப்பு மாணவி