முப்பதை நெருங்கியபோது முதல் அடவு

ஜூலை மாதம் பிறந்துவிட்டால் நம் காசி வளாகத்தில் ஆளுக்கொரு கவலை. விடுதியில் நல்ல அறை கிடைக்குமா என்று ஒருவருக்கு. சாப்பாட்டில் என்றாவது ஒரு நாள் வத்தக்குழம்பு கண்ணில் படுமா என்று பலருக்கு. எனக்கோ நடன வகுப்பு. சலங்கையில் அறுந்திருந்த கயிற்றை மாற்றி மணிகளை மறுபடியும் கோத்துவிட்டேன். பயிற்சிக்கென்று இரண்டு பருத்திப் புடவைகளைத் துவைத்து எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் உடம்பை அப்படிப் பெட்டியிலிருந்து எடுத்து உதறிக் கட்டிக்கொள்ள முடிவதில்லை. இரண்டு மாத விடுமுறைக்குப் பின் அரைமண்டியில் உட்கார்ந்தால் தொடை நடுங்குகிறது; தட்டடவு மூன்றாம் காலத்தை எட்டுமுன் மூச்சு வாங்குகிறது.

இதற்கு மேல் பெரியவர்களின் உபதேசம் வேறு. ஐந்து வயதில் கட்ட வேண்டிய சலங்கையை இருபதில் கட்டுவானேன் என்று ஊரில் கேட்காதவர் இல்லை. அவர்களுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத் தேடியபோதுதான் ருக்மிணி தேவி அருண்டேலின் வரலாற்றைச் சற்று நிதானமாகப் படித்தேன். நம் பல்கலைக்கழகத்துக்கு வித்தாக அமைந்தது அன்னி பெசன்ட் அம்மையார் 1898இல் தொடங்கிய சென்ட்ரல் ஹிந்து கல்லூரி. அதன் முதல்வராக இருந்தவர்களில் ஒருவரான ஜார்ஜ் அருண்டேல்தான் ருக்மிணி தேவியின் கணவர். அந்த வகையில் அவர் நமக்கு முற்றிலும் அயலார் அல்லர்.

அவர் பிறந்தது மதுரையில், 1904 பிப்ரவரி 29ஆம் தேதி. தந்தை நீலகண்ட சாஸ்திரி பிரம்மஞான சபையில் ஈடுபாடு கொண்டவர். அதனால் குடும்பம் அடையாற்றுக்குக் குடிபெயர்ந்தது. 1920இல், பதினாறு வயதில், தம்மைவிட இருபத்தைந்து வயது மூத்த ஆங்கிலேயரான அருண்டேலை அவர் மணந்தபோது சென்னை நகரமே கொந்தளித்தது. ஊர்ப் பேச்சுக்கு அஞ்சாமல் இருக்க அவர் பழகிக்கொண்டது அப்பொழுதுதான் போலும். பின்னால் அது நன்றாகவே பயன்பட்டது.

கணவருடன் உலகம் சுற்றிய நாட்களில், 1928இல், ருஷ்ய நாட்டியக்காரி அன்னா பாவ்லோவாவின் ஆட்டத்தை அவர் பம்பாயில் கண்டார். பிறகு இருவரும் ஒரே கப்பலில் ஆஸ்திரேலியா செல்ல நேர்ந்தது, நட்பு முதிர்ந்தது. பாவ்லோவாவின் குழுவிலிருந்த கிளியோ நோர்டியிடம் பாலே பயின்றார். உன் நாட்டிலேயே உனக்குரிய கலை இருக்கும், அதைத் தேடிப் பார் என்ற பொருள்பட பாவ்லோவாதான் அவருக்கு எடுத்துரைத்தாராம். நம் வீட்டுப் பொருளின் அருமையை அயலார் வந்து சொல்ல வேண்டியிருந்தது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? காசிக்கு வந்த பிறகுதானே நம்மில் பலர் தேவாரத்தைக் காது கொடுத்துக் கேட்கத் தொடங்கினோம்!

அந்நாளில் அக்கலைக்குச் சதிர் என்று பெயர். தேவதாசி முறையை ஒழிக்க வேண்டுமென்று முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் போராடிக்கொண்டிருந்த காலம் அது. முறை ஒழியட்டும், கலை அழிய வேண்டாம் என்று வாதாடினார் வழக்கறிஞர் ஈ. கிருஷ்ண ஐயர், வாதாடியதோடு நில்லாமல் தாமே பெண் வேடமிட்டு ஆடியும் காட்டினார். 1933ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் சென்னை மியூசிக் அகாதெமியில் பந்தநல்லூர்ச் சகோதரிகளான ராஜலட்சுமியும் ஜீவரத்தினமும் ஆடினார்கள். அந்த ஆட்டத்தைக் கண்டு ருக்மிணி தேவி மனம் பறிகொடுத்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு முடிந்து இருபத்தொன்பது நடந்துகொண்டிருந்தது.

பார்த்து ரசிப்பது வேறு. கற்க உட்காருவது வேறு. முதலில் மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும், பின்னர் தஞ்சை நால்வர் வழியில் வந்த பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பயின்றார். பிள்ளையவர்களுக்கு அப்போது அறுபத்தைந்து வயதுக்குக் குறையாது. வாழ்நாள் முழுவதும் குழந்தைகளின் கால்களைப் பழக்கி வந்த அந்தக் கிழவரின் முன், உலகம் சுற்றி வந்த ஒரு சீமாட்டி தட்டிக் கும்பிட்டு, தட்டுக்கழியின் ஓசைக்குத் தையா தை என்று தொடங்குவதை நினைத்துப் பாருங்கள். முப்பதை நெருங்கிய உடம்பு வளைய மறுத்திருக்கும், முழங்கால் வலித்திருக்கும். வரலாறு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த வலியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். சலங்கை கட்டிய எனக்கு அந்த இடத்தில்தான் நெஞ்சு நிற்கிறது.

1935 டிசம்பரில் பிரம்மஞான சபையின் வைரவிழாவின்போது அடையாற்றில் அவர் அரங்கேறினார். அந்தணர் குலத்துப் பெண் மேடையில் சதிர் ஆடுவதா என்று எழுந்த கூச்சல் கொஞ்சமல்ல. அடுத்த மாதமே, 1936 ஜனவரியில், கலாக்ஷேத்திரமாகப் பின்னர் பெயர் பெற்ற கலைப் பள்ளியைத் தொடங்கினார். தொடக்கத்தில் அங்கே இருந்த மாணவி ஒரே ஒருத்திதான்: அவருடைய சகோதரர் ஸ்ரீராமின் மகள் ராதா. (இந்த ராதாதான் பின்னர் ழான் ரெனுவாரின் ரிவர் படத்தில் ஆடியவர்.) 1962இல் அந்தப் பள்ளி திருவான்மியூரில் பரந்த வளாகத்துக்கு இடம் பெயர்ந்தது. 1944இல் அவர் மேடையேற்றிய முதல் நாட்டிய நாடகம் நம் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி. உ. வே. சாமிநாத ஐயர் பெயரில் ஏட்டுச் சுவடிகளுக்காக ஒரு நூலகமும் 1943இல் அவரது முயற்சியால் எழுந்தது. தமிழ் படிக்கும் நண்பர்கள் இதை மறக்கலாகாது.

இனிச் சொல்லப்போவது சற்றுக் கசப்பானது. பரதநாட்டியத்தைத் தூய்மைப்படுத்துவதாகக் கருதி, சிருங்காரம் மிகுந்ததென்று தமக்குத் தோன்றியதை அம்மையார் விலக்கினார். அக்கலையைப் பரம்பரையாகப் பெற்ற தஞ்சாவூர் பாலசரஸ்வதி இதை ஏற்கவில்லை. சிருங்காரமே அபிநயத்தின் உயிர், அதில் தூய்மை செய்ய என்ன இருக்கிறது என்பது அவர் கட்சி. இருவரும் பெரியவர்கள், நடுவர் நாற்காலியில் அமர எனக்குத் தகுதியில்லை. ஆயினும் ஒன்று கூறுவேன். நம் வீட்டுப் பெண்களுக்குக் கதவு திறந்தது ருக்மிணி தேவியால். இன்று நான் சலங்கை கோப்பதும் அதனால்தான். அதே சமயம், எத்தனையோ தலைமுறையாக அந்த விளக்கை அணையாமல் காத்த குலத்துப் பெண்களுள் பலர் மேடையை விட்டே மறைந்து போனார்கள். 1947இல் வந்த சட்டம் கோயிலில் அவர்கள் ஆடுவதை நிறுத்தியது. அவர்கள் கலைக்கு வேறு இடம் எதையும் காட்டவில்லை. முன்னதற்கு நன்றி சொல்கிறவர்கள் பின்னதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

கபாலீசுவரர் கோயிலில் ஆடி வந்த கௌரி அம்மாளைப் பாருங்கள். பாலசரஸ்வதிக்கு அபிநயத்தில் ஆசை மூட்டியவர் அவர். ருக்மிணி தேவிக்கும் ஆசிரியை, கலாக்ஷேத்திரத்திலும் கற்பித்தார். எதிரெதிராக நின்றவர்கள் என்று நாம் பேசிக்கொள்ளும் இருவரும் ஒரே அம்மாளின் முன் அமர்ந்து பாடம் கேட்டவர்கள். கௌரி அம்மாள் 1971இல் காலமானார். அவர் பெயரை அறிந்தவர் நம் வகுப்பில் எத்தனை பேர் என்று இந்தப் பருவத்தில் கேட்டுப் பார்க்க உத்தேசம்.

ருக்மிணி தேவி 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். பிராணிகளை வதைப்பதைத் தடுக்கும் 1960ஆம் ஆண்டுச் சட்டம் அவருடைய முயற்சியின் பயன். 1977இல் மொரார்ஜி தேசாய் அவரைக் குடியரசுத் தலைவர் பதவிக்கு நிறுத்த விரும்பியபோது வேண்டாமென்று மறுத்துவிட்டார். மைசூர் வாசுதேவாச்சாரியாரின் இசையோடு 1955இல் சீதா சுயம்வரமாகத் தொடங்கிய ராமாயண நாட்டிய நாடக வரிசை ஆறு நாடகங்களாக வளர்ந்து 1970இல்தான் நிறைவுற்றது. ஆச்சாரியார் 1961இலேயே மறைந்துவிட்டார். எஞ்சிய இசையை அவருடைய பேரர் ராஜாராம் முடித்துக் கொடுத்தார். மகாபட்டாபிஷேகம் மேடையேறியபோது அம்மையாருக்கு வயது அறுபத்தாறு. அதன் பின்னும் பதினாறு ஆண்டுகள், 1986 பிப்ரவரி 24ஆம் தேதி காலமாகும் வரை, அவர் வாழ்ந்தார்.