இலங்கைக் கடல் எச்சரித்த தளபதி

கிரானிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து இந்தக் கல்லூரியில் வரலாறு படிப்பிக்கிறேன். மாணவிகள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி மட்டக்களப்புக் கடலின் அடியில் கிடக்கும் ஹேர்மிஸ் கப்பலைப் பற்றியது. அது யாருடைய கப்பல், எப்படித் தாண்டது என்று பலரும் எழுதிவிட்டார்கள். அதைத் தாழ்த்தியது யார் என்று கேட்டால் மட்டும் ஜப்பான்காரன் என்ற ஒரே சொல்லோடு நிறுத்திக்கொள்கிறோம். அந்தக் கடற்படையை நடத்தி வந்தவர் சுயிச்சி நகுமோ. உலகப் போரின் வரலாற்றில் மிகவும் பேசப்பட்ட, மிகவும் பழிக்கப்பட்ட கடற்படைத் தளபதிகளில் ஒருவர். அவருடைய வாழ்க்கையின் திருப்பம் நம்முடைய கடலில்தான் இருந்தது என்பது என் எண்ணம்.

1887 மார்ச் 25ஆம் திகதி ஜப்பானின் யொனெசாவா நகரில் பிறந்தவர் நகுமோ. 1908இல் கடற்படைக் கல்லூரியை முடித்தார். அவர் பயின்று தேர்ந்தது டொர்பிடோ போர்முறை. நீருக்கடியில் பாய்ந்து சென்று கப்பலைத் துளைக்கும் ஆயுதம் அது. வேகமான சிறு போர்க்கப்பல்களை நடத்துவதில் கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்தார். ஆகாயப் போர் அவருக்குப் பழக்கமில்லாத துறை. ஆனாலும் 1941 ஏப்ரலில், ஜப்பானின் விமானந்தாங்கிக் கப்பல்களில் பெரும்பாலானவற்றை ஒன்றாகக் கொண்ட புதிய படைக்கு அவரையே தலைவராக்கினார்கள். சேவை மூப்பு அவருக்கு இருந்தது. அவ்வளவுதான் காரணம். மூப்புப் பார்த்துப் பதவி கொடுக்கும் வழக்கத்தை நாமும் அறியாதவர்கள் அல்லவே!

அதே ஆண்டு நவம்பர் 26ஆம் திகதி ஆறு விமானந்தாங்கிகளோடு வடக்குப் பசுபிக்கின் குளிரில் புறப்பட்டார். இந்த வேலை சரிவருமா என்ற கவலையை வழியெல்லாம் தன் உதவி அதிகாரியிடம் சொல்லிக்கொண்டே போனாராம். டிசம்பர் 7ஆம் திகதி காலை பேர்ள் துறைமுகம் எரிந்தது. 2,400க்கு மேற்பட்ட அமெரிக்கர்கள் இறந்தார்கள். இரண்டு அலைகளாகத் தாக்கிய பின் இன்னும் ஒரு முறை தாக்கலாம் என்ற பேச்சு எழுந்தபோது நகுமோ கப்பல்களைத் திருப்பினார். அங்கிருந்த எண்ணெய்த் தாங்கிகளும் கப்பல் திருத்தும் தளமும் தப்பின. பயந்தாங்கொள்ளி என்று அவரைப் பின்னாளில் ஏசியவர்கள் இதைத்தான் முதலில் சொல்வார்கள். தன் ஆறு கப்பல்களையும் ஒரு கீறல்கூட இல்லாமல் திருப்பிக் கொண்டுபோன மனிதரை அப்படி ஏசுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

நான்கு மாதம் கழித்து அவர் நம் பக்கம் வந்தார். 1942 ஏப்ரல் 4ஆம் திகதி இலங்கைக்குத் தென்கிழக்கே ரோந்து போன ஒரு கடல் விமானம் அவருடைய படையைக் கண்டு கொழும்புக்குச் செய்தி அனுப்பியது. அனுப்பி முடிப்பதற்குள் சுட்டு வீழ்த்தப்பட்டது. அதன் விமானி லெனாட் பேர்ச்சால் என்ற கனேடியர். உயிர் பிழைத்து, போர் முடியும்வரை ஜப்பானியரின் கைதியாக இருந்தார்.

மறுநாள் உயிர்த்த ஞாயிறு. கொழும்பைத் தாக்கிவிட்டு வந்த விமானிகள் மீண்டும் ஒரு தாக்குதல் வேண்டும் என்றார்கள். கப்பல்களைத் தாக்குவதற்காக டொர்பிடோ பூட்டித் தயாராக நிறுத்தியிருந்த விமானங்களில் அவற்றைக் கழற்றி, தரையில் போடும் குண்டுகளைப் பூட்டும்படி நகுமோ கட்டளையிட்டார். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, பிரித்தானியப் போர்க்கப்பல்கள் இரண்டு தென்படுவதாக வேவு விமானம் அறிவித்தது. உடனே மறுபடி டொர்பிடோவுக்கு மாற்றச் சொன்னார்.

இதில் உள்ள ஆபத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். விமானங்களை நிறுத்திவைக்கும் தட்டு கப்பலின் வயிற்றுக்குள் மூடிய கூடம்போல் இருக்கும். கழற்றிய குண்டுகள் ஒரு பக்கம், பூட்டப்போகும் குண்டுகள் மறுபக்கம், நடுவே பெற்றோல் நிறைந்த விமானங்கள். அடுப்பு எரியும் குசினியில் எண்ணெய்ப் போத்தல்களைத் திறந்து பரப்பி வைத்துவிட்டுக் கறியை மாற்றிச் சமைப்பது மாதிரி. அந்த வேளையில் ஒரு குண்டு மேலிருந்து விழுந்தால் போதும்.

அன்று விழவில்லை. டொர்பிடோ விமானங்கள் தயாராகக் காலம் பிடித்ததால் மற்றக் குண்டுவீச்சு விமானங்களை அனுப்பினார். கோர்ன்வோல், டோர்செற்ஷயர் என்ற இரு கப்பல்களும் சில நிமிடங்களில் மூழ்கின. 424 பேர் இறந்தார்கள். மீதிப் பேர், ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள், மறுநாள் மாலைவரை எண்ணெய் மிதந்த கடலில் வெயிலிலும் இருட்டிலும் கிடந்தார்கள். காயப்பட்டவர்களை மிதவைகளில் ஏற்றிவிட்டு மற்றவர்கள் அவற்றின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள்.

ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலையின் முறை. அங்கிருந்த ஹேர்மிஸ் தாக்குதலுக்குத் தப்பவென்று முதல்நாள் இரவே வெளிக்கிட்டுக் கரையோரமாகத் தெற்கே போனது. விமானந்தாங்கி என்றே வடிவமைக்கப்பட்டு அத்திவாரமிடப்பட்ட உலகின் முதற் கப்பல் அது. அந்த இரவில் அதில் சண்டைக்கென்று ஒரு விமானம்கூட இருக்கவில்லை. கல்குடாவுக்கு அப்பால், எங்கள் கிரானுக்குக் கிழக்கேயுள்ள கடலை அது விளக்குகளை அணைத்துக்கொண்டு கடந்திருக்க வேண்டும். காலையில் மட்டக்களப்புக்கு அருகே வேவு விமானம் ஒன்று அதைக் கண்டுவிட்டது. திருகோணமலையின் விமானங்கள் காப்பாற்றும் என்ற நம்பிக்கையில் வடக்கே திரும்பியது. காப்பாற்ற வந்தவை நேரத்துக்கு வந்து சேரவில்லை. சுமார் 80 ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்கள் வந்தன. ஹேர்மிஸ் 20 நிமிடத்துக்குள் தாண்டது. கப்டன் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் அதோடு போனார்கள். கூட வந்த அவுஸ்திரேலியக் கப்பல் வம்பயரும் மூழ்கியது. அவ்வழியே போன வீற்றா என்ற வைத்தியசாலைக் கப்பல் ஏறத்தாழ 600 பேரை மீட்டது. சிலர் நீந்தியே கரை சேர்ந்தார்கள். வெயில் எறித்த காலையில் மழையில்லாமல் இடி முழங்கியதென்று என் அம்மம்மா சொல்வார். அப்போது அவர் சிறுபிள்ளை.

நகுமோவுக்கு இதைவிடப் பெரிய வெற்றி இருக்க முடியாது. ஆனால் அதே காலையில், அவருடைய விமானங்களில் பெரும்பகுதி ஹேர்மிஸைத் தேடிப் போயிருந்த வேளையில், கொழும்பிலிருந்து வந்த ஒன்பது பிரித்தானிய விமானங்கள் அவருடைய கப்பல்களுக்கு நேர் மேலே வந்துவிட்டன. யாரும் காணவில்லை. ராடார் கிடையாது, கண்ணால் பார்த்துத்தான் அறிய வேண்டும். அவர் நின்ற அக்காகி கப்பலின் பக்கத்தில் தண்ணீர் எழும்பியபோதுதான் குண்டு விழுகிறதென்றே தெரிந்தது. ஒன்றும் படவில்லை. வந்த ஒன்பதில் ஐந்து திரும்பிப் போகவில்லை.

ஐந்து நாட்களுக்குள் இரண்டு எச்சரிக்கைகள். ஆயுதம் மாற்றும் நேரம் ஆபத்தானது என்பது ஒன்று, தலைக்கு மேல் வருபவனை நாம் காண்பதில்லை என்பது மற்றது. வெற்றி பெற்றவருக்கு இரண்டும் பெரிதாகத் தெரியவில்லை. நாடு திரும்பிய படையில் இதற்காக எதுவும் மாறவில்லை.

1942 ஜூன் 4ஆம் திகதி மிட்வே தீவருகே இரண்டும் ஒரே காலையில் திரும்பி வந்தன. தீவைத் தாக்கிய விமானிகள் மீண்டும் ஒரு தாக்குதல் கேட்டார்கள். டொர்பிடோவைக் கழற்றிக் குண்டு பூட்டச் சொன்னார். அமெரிக்கக் கப்பல்கள் தென்படுவதாக வேவுச் செய்தி வந்தது. மறுபடி மாற்றச் சொன்னார். காலை பத்தரை மணியளவில், யாரும் காணாத உயரத்திலிருந்து அமெரிக்க விமானங்கள் செங்குத்தாக இறங்கின. சில நிமிடங்களில் மூன்று விமானந்தாங்கிகள் எரிந்தன. நான்காவது பிற்பகலில் தாக்கப்பட்டது. அவற்றில் அக்காகி, சொர்யு, ஹிர்யு மூன்றும் இலங்கைக்கு வந்து போனவை. 3,000க்கு மேற்பட்ட ஜப்பானியர் இறந்தார்கள். எரியும் அக்காகியை விட்டு வர மறுத்த நகுமோவை அதிகாரிகள் வற்புறுத்தி, மேற்தளத்தின் ஜன்னல் வழியாகக் கயிற்றில் இறக்கினார்கள். தோல்விக்கு அவர் மட்டும் காரணமில்லை. திட்டத்தை வகுத்தவர் அவருக்கு மேலிருந்த யமமோட்டோ. ஆனால் அந்தக் காலை அவருக்குப் புதியதல்ல என்பதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

பிறகு சொலமன் தீவுகளில் சில போர்கள், சிறிது காலம் உள்நாட்டுத் துறைமுகப் பொறுப்பு. 1944 மார்ச்சில் சைப்பான் தீவுக்கு அனுப்பினார்கள். பெயருக்கு ஒரு கடற்படை, கையில் சொல்லும்படியான கப்பல் இல்லை. ஜூன் 15ஆம் திகதி அமெரிக்கர்கள் அங்கே கரையிறங்கினார்கள். அந்தப் படையின் தலைவர் மிட்வேயில் அவரை எதிர்த்து நின்ற ஸ்புருவன்ஸ். போரின் முடிவில் அங்கே குடியிருந்த சாதாரண மக்கள், பிள்ளைகளைக் கையில் பிடித்த தாய்மார்கூட, மலை முனைகளிலிருந்து கடலில் குதித்தார்கள்.

ஜூலை 6ஆம் திகதி ஒரு குகைக்குள் நகுமோ தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 57. இறந்த பின் அட்மிரல் பதவி கொடுத்தார்கள். கரையிறங்குவதற்கு முன் அந்தத் தீவைப் பீரங்கியால் தகர்த்த கப்பல்களில் ஒன்று கலிபோர்னியா. பேர்ள் துறைமுகத்தில் அவருடைய விமானங்கள் தாழ்த்திய கப்பல் அது. அவர் தொடாமல் விட்டுப்போன அந்தத் தளத்தில்தான் அதைத் தூக்கி எடுத்து மீண்டும் மிதக்க வைத்திருந்தார்கள்.