வீணைக் குதிரையும் விஞ்ஞானி இராமனும்

வீணையிலும் தம்பூராவிலும் தந்திகளைத் தாங்கி நிற்கும் சிறு பீடத்துக்குக் குதிரை என்று பெயர். கிதார் வாசிக்கும் நண்பர்கள் அதையே பிரிட்ஜ் என்பார்கள். சர் சி. வி. இராமனின் வாழ்க்கையை எழுதுவோர் பெரும்பாலும் மத்தியதரைக் கடலின் நீலத்தில் தொடங்கி ஸ்டாக்ஹோமில் முடித்துவிடுகிறார்கள். அந்த நீலத்தைக் கண்டு வியந்த அதே 1921ஆம் ஆண்டில், இந்தக் குதிரையைப் பற்றியும் அவர் ஓர் ஐந்து பக்கக் கட்டுரை வெளியிட்டார் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

திருச்சிக்கு அருகே திருவானைக்காவில் 1888 நவம்பர் 7ஆம் நாள் பிறந்தவர் இராமன். தந்தை சந்திரசேகர ஐயர் கணிதமும் பௌதிகமும் கற்பித்தவர், வயலின் வாசிப்பவர். ஆகவே தந்தி அதிரும் ஓசை அவருக்குப் பிள்ளைப் பருவத்திலேயே பழக்கமாயிற்று. விசாகப்பட்டினத்தில் வளர்ந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 18 வயதுக்குள் இலண்டன் சஞ்சிகை ஒன்றில் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டுவிட்டார். 1907இல் எம்.ஏ. பட்டம், வீணை பயின்ற உலோகசுந்தரியுடன் திருமணம், கல்கத்தாவில் நிதித்துறை உத்தியோகம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

பகலில் அரசாங்கக் கணக்கு. காலையும் மாலையும் பௌபஜார் தெருவில் இருந்த இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தின் ஆய்வுக்கூடம். பத்தாண்டுகள் இப்படியே சென்றன. 1917இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் பாலித் பேராசிரியர் பதவியை அளித்தபோது, சம்பளம் ஏறக்குறையப் பாதியாகும் என்று தெரிந்தே உத்தியோகத்தை உதறினார். வேலையா, ஆராய்ச்சியா என்று ஊருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும் நம்மவர் இந்த ஓரிடத்தில் சற்று நின்று யோசிக்கலாம்.

அக்காலத்தில் அவர் உள்ளத்தைக் கவர்ந்திருந்தது ஒளியன்று; ஒலி. வயலின் வில் தந்தியை எவ்வாறு அதிர்விக்கிறது என்பதை விளக்கி 1918இல் ஒரு பெருநூலே வெளியிட்டார். மனிதக் கை ஒரே சீராய் இயங்காதென்று, வில்லை நிலையாகப் பொருத்தி, வயலினையே முன்னும் பின்னும் நகர்த்தும் இயந்திரம் ஒன்றையும் அமைத்தார். பார்ப்பதற்கு வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும்!

பிறகு நம் நாட்டு வாத்தியங்களின் பக்கம் திரும்பினார். தாமஸ் யங் காலத்திலிருந்து ஒரு விதி உண்டு. தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தைக் கணுவாக உடைய மேற்சுரங்கள் ஒலிக்கமாட்டா. சரிபாதியில் மீட்டினால் இரண்டாவது, நான்காவது மேற்சுரங்கள் ஊமையாகிவிட வேண்டும். ஹெல்ம்ஹோல்ட்ஸ் முதலான பேரறிஞர்களும் ஏற்ற விதி இது. ஆனால் வீணையிலும் தம்பூராவிலும் கணுவிலேயே மீட்டினாலும், ஊமையாக வேண்டிய மேற்சுரம் ஓங்கி ஒலிப்பதை இராமன் கண்டார்.

விதி பொய்யா? இல்லை. தந்தியின் முனை அசையாத ஒரு புள்ளியில் நிற்கிறது என்று விதி கருதுகிறது. நம் தச்சரோ அந்தப் புள்ளியையே நீக்கிவிட்டார்! வீணைக் குதிரை மரத்தால் ஆனது. அதன்மேல் பிசின் கொண்டு ஒட்டிய வெண்கலத் தகடு மெல்ல வளைந்திருக்கும். அதிரும் தந்தி அவ்வளைவின்மீது படிந்தும் விலகியும் ஒவ்வோர் அதிர்விலும் குதிரையைத் தீண்டுகிறது. அத்தீண்டல்களே ஊமை மேற்சுரங்களைத் தட்டி எழுப்புகின்றன. தம்பூராவில் ஒரு நூலைத் தந்திக்கும் குதிரைக்கும் இடையே செருகி, நாதம் மலரும்வரை முன்னும் பின்னும் நகர்த்துவார்கள். ஜீவா என்பது அதன் பெயர். குதிரை முழுவதையும் மாற்றாமல் அதன் வளைவை மட்டும் மாற்றிப் பார்க்கும் வழி இதைவிட எளிது ஏது?

ஜீவனஹள்ளியில் நான் தங்கியிருக்கும் வீட்டில் பழைய பாணி எலெக்ட்ரிக் கிதார் ஒன்று உண்டு. அதற்கு மாற்றுப் பிரிட்ஜ் வாங்க வேண்டும். பித்தளையா, எஃகா என்று ஒரு வாரமாக வழக்கு நடக்கிறது. உலோகத்தால் தொனி சிறிது மாறலாம்; ஆனால் தந்தி பிரிட்ஜை விட்டுப் புறப்படும் இடத்தின் வடிவமே முதலில் பார்க்க வேண்டியது என்பது என் கட்சி. அந்த இடம் தேய்ந்து தட்டையானால் கிதார் சிதார்போல் இரையும். பழுது பார்ப்பவர் அதைச் சரிவாக அராவிவிடுவார். அவருக்குக் குற்றமாகத் தோன்றுவது வீணைத் தச்சருக்குக் குணம். 1967இல் அமெரிக்காவில் டானெலெக்ட்ரோ கம்பெனி, வின்சென்ட் பெல் என்ற கிதார்க் கலைஞரின் யோசனைப்படி, கோரல் எலெக்ட்ரிக் சிதாரை வெளியிட்டபோது செய்ததும் இதுதான்: கிதாரில் அகன்ற பிரிட்ஜை வைத்து அந்த இரைச்சலை வேண்டுமென்றே வரவழைத்தார்கள்.

இராமனின் பெருமை இங்கேதான் என்று நான் எண்ணுகிறேன். காது கேட்டதைப் புத்தகத்துக்காக மறுக்கவில்லை. நம் வாத்தியம் உயர்ந்தது என்று மேடைமுழக்கமும் செய்யவில்லை. எந்த இடத்தில் விதியின் நிபந்தனை மீறப்படுகிறது என்று தேடினார்.

மற்றவை யாவரும் அறிந்தவை. 1928 பிப்ரவரி 28இல் இராமன் விளைவு. 1930இல் நோபல் பரிசு. 1933இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் முதல் இந்திய இயக்குநராக வந்தார். அவ்வாண்டே கமலா பாகவத் என்ற மாணவியைப் பெண் என்பதற்காகச் சேர்க்க மறுத்து, பின்னர் அவருடைய உறுதிக்கு இணங்கினார். பெரியவர் என்பதற்காக இதை மறைக்க வேண்டியதில்லை. சச்சரவுகளுக்கிடையே 1937இல் இயக்குநர் பதவியை விட்டார். பேராசிரியராக 1948 வரை இருந்தார்.

இவ்வூருக்கு வந்த பிறகும் வாத்தியங்களை அவர் மறக்கவில்லை. தாமே 1934இல் நிறுவிய இந்திய விஞ்ஞான அகாடமியின் முதல் தொகுதியில், மிருதங்கமும் தபலாவும் ஏன் தந்தி வாத்தியம்போல் இசைவான மேற்சுரங்களைத் தருகின்றன என்று எழுதினார். நடுவே பூசும் கருஞ்சாந்தின் பாரமே காரணம். 1948இல் சொந்த ஆராய்ச்சி நிலையம் அமைத்து, படிகங்களிலும் மலர்களின் நிறங்களிலும் முதுமையைச் செலவிட்டார். 1970 நவம்பர் 21இல் மறைந்தபோது அந்நிலையத்தின் தோட்டத்திலேயே எரியூட்டினார்கள். அவ்விடத்தில் சமாதி எழுப்பவில்லை. ஒரு மரம் நட்டார்கள்.