ஏழு ஆண்டுகள் ஒருவரும் வரவில்லை. ஆனாலும் கேரி தளரவில்லை!

ஊர் ஊராகச் சென்று ஒருவர் ஏழு ஆண்டுகள் போதித்தார். மக்கள் கூடி நின்று கேட்டார்கள். கேள்விகள் கேட்டார்கள். பிறகு அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். வங்காளிகளில் ஒருவர்கூட அவருடைய மதத்தில் சேரவில்லை.

வேறு ஒருவராக இருந்தால் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பியிருப்பார். இவர் திரும்பவில்லை. 40 ஆண்டுகளுக்கு மேல் வங்காளத்திலேயே வாழ்ந்து, அந்த மண்ணிலேயே மறைந்தார்.

அவர்தான் வில்லியம் கேரி.

செருப்புத் தைத்தவர்

இங்கிலாந்தில் பாலர்ஸ்பரி என்ற சிற்றூரில் 1761-ம் ஆண்டு ஆகஸ்டு 17-ந் தேதி கேரி பிறந்தார். தந்தை நெசவாளர், பிறகு பள்ளி ஆசிரியர் ஆனவர். வெயில் பட்டால் கேரியின் தோல் புண்ணாகும். அதனால் வயல் வேலை அவருக்கு ஒத்துவரவில்லை. செருப்புத் தைக்கும் தொழிலைக் கற்றுக்கொண்டார்.

கை செருப்புத் தைத்தது; கண் புத்தகத்தில் இருந்தது. லத்தீன், கிரேக்கம், எபிரேயம் ஆகிய மொழிகளைத் தாமாகவே முயன்று படித்தார். உலகப் படம் ஒன்றைக் கையால் வரைந்து சுவரில் மாட்டினார். ஒவ்வொரு நாட்டிலும் வாழும் மக்கள் எத்தனை பேர், அவர்கள் மதம் என்ன என்று அதில் குறித்து வைத்தார்.

தூர நாடுகளுக்குச் சென்று ஏசுவைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்ற ஆசை அவருக்குள் வளர்ந்தது. 1792-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி, கெட்டரிங் என்ற ஊரில் சில போதகர்கள் கூடி அதற்காக ஒரு சங்கம் தொடங்கினார்கள். அன்று அவர்கள் தருவதாகச் சொன்ன பணம் 13 பவுனும் சில்லறையும்தான்!

கப்பலில் இருந்து இறக்கினார்கள்

இந்தியாவுக்குப் புறப்பட்டதும் முதல் அடி விழுந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியார் பாதிரிமார்களை விரும்பவில்லை. மத போதனையால் தங்கள் வியாபாரத்துக்கு இடையூறு வரும் என்று அஞ்சினார்கள். கம்பெனியின் அனுமதிச் சீட்டு இல்லை என்று கேரியைக் கப்பலில் இருந்து இறக்கிவிட்டார்கள்.

கேரி சோர்ந்துவிடவில்லை. டென்மார்க்கு நாட்டுக் கப்பல் ஒன்றில் இடம் தேடினார். அவருடைய மனைவி டாரதி முதலில் நாட்டை விட்டு வர மறுத்திருந்தார். இப்போது, தம் தங்கையும் உடன் வருவதென்றால் வருவதாகச் சம்மதித்தார். கைக்குழந்தையுடன் அந்தக் குடும்பம் 1793-ம் ஆண்டு ஜுன் 13-ந் தேதி புறப்பட்டது. ஐந்து மாதம் கடலில் கழித்து, நவம்பரில் கல்கத்தா சேர்ந்தது.

சோதனை மேல் சோதனை

கொண்டுவந்த பணம் சீக்கிரமே கரைந்தது. தங்க இடம் இல்லை. 1794-ம் ஆண்டில் மட்னாபட்டி என்ற கிராமத்தில், அவுரியில் இருந்து நீலச் சாயம் எடுக்கும் தொழிற்சாலையில் கேரிக்கு மேற்பார்வை வேலை கிடைத்தது. அந்தச் சம்பளத்தில் குடும்பம் நடந்தது.

அதே ஆண்டில் ஐந்து வயது மகன் பீட்டர் வயிற்றுக்கடுப்பால் இறந்தான். சாதிக் கட்டுப்பாட்டுக்குப் பயந்து, அடக்கம் செய்ய உதவ ஊரார் தயங்கினார்கள்.

பிள்ளையைப் பறிகொடுத்த டாரதியின் மனம் பேதலித்தது. 1807-ம் ஆண்டில் இறக்கும் வரை அவர் குணம் அடையவே இல்லை. கணவரின் லட்சியத்துக்காக மிகப் பெரிய விலை கொடுத்தவர் அந்தப் பெண்மணிதான்.

இங்கிலாந்தில் இருந்து ஓர் ஆண்டுக்கும் மேலாகக் கடிதமே வரவில்லை. போதனைக்கும் பலன் இல்லை. கேரிக்கு மனம் உடைந்த நாட்கள் பல உண்டு. தம் நாட்குறிப்பில் அதை அவர் மறைக்காமல் எழுதி வைத்தார்.

தளராததன் ரகசியம்

பிறகு எப்படித் தாக்குப் பிடித்தார்?

மற்றவர் மனத்தை மாற்றுவது அவர் கையில் இல்லை. அன்றைய வேலையைச் செய்து முடிப்பது அவர் கையில் இருந்தது. அதை அவர் ஒரு நாளும் விடவில்லை. ராம் ராம் பாசு என்ற அறிஞரிடம் வங்காளி மொழி கற்றார். சமஸ்கிருதமும் படித்தார். பைபிளைப் பக்கம் பக்கமாக வங்காளியில் மொழிபெயர்த்தார். ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார். தோட்டம் போட்டார், செடி கொடிகள் அவர் மனத்துக்கு ஆறுதல் தந்தன.

மரத்தால் செய்த அச்சு எந்திரம் ஒன்று அவருக்குக் கிடைத்தது. அதைப் பார்க்கக் கிராம மக்கள் திரண்டு வந்தார்கள். வெள்ளைக்காரர்களின் சாமி என்று நினைத்தார்கள்!

தம்மிடம் பெரிய திறமை எதுவும் இல்லை, விடாமல் உழைப்பது ஒன்றே தமக்குத் தெரியும் என்று கேரி கருதினார்.

ஹூக்ளி ஆற்றங்கரையில்

1800-ம் ஆண்டு ஜனவரி 10-ந் தேதி கேரி செராம்பூருக்குக் குடியேறினார். தரங்கம்பாடியைப் போலவே செராம்பூரும் அப்போது டென்மார்க்கு ஆட்சியில் இருந்தது. கம்பெனியின் தடை அங்கே செல்லாது. மார்ஷ்மன் என்ற ஆசிரியரும், வார்டு என்ற அச்சுத் தொழில் அறிந்தவரும் அவருக்குத் துணையாக அமைந்தார்கள்.

அந்த ஆண்டு நவம்பரில் கிருஷ்ண பால் என்ற தச்சர் கீழே விழுந்து, தோள் மூட்டு இறங்கி வேதனைப்பட்டார். கேரியின் நண்பர் டாக்டர் தாமஸ் அவருக்கு வைத்தியம் செய்தார். அந்தப் பழக்கத்தில் கிருஷ்ண பால் கிறிஸ்தவராக முடிவு செய்தார். பாதிரிமார்களுடன் உட்கார்ந்து சாப்பிட்டார். செய்தி பரவியதும் ஊரே கொதித்தது. கூட்டம் அவரை இழுத்துக்கொண்டு போய் அதிகாரி முன் நிறுத்தியது. அதிகாரி அவரை விடுதலை செய்தார்.

1800-ம் ஆண்டு டிசம்பர் 28-ந் தேதி. ஹூக்ளி ஆற்றில் கிருஷ்ண பாலுக்குக் கேரி ஞானஸ்நானம் கொடுத்தார். ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு முதல் ஆள்!

அந்த மகிழ்ச்சியிலும் துயரம் கலந்திருந்தது. மனைவி டாரதி சித்தம் கலங்கி அறைக்குள் இருந்தார். டாக்டர் தாமசுக்கும் அதே சமயம் புத்தி தடுமாறியிருந்தது.

அடுத்த ஆண்டு, 1801-ல், வங்காளி மொழியில் புதிய ஏற்பாடு அச்சாகி வெளிவந்தது. அதே ஆண்டு கல்கத்தா வில்லியம் கோட்டைக் கல்லூரியில் கேரி வங்காளி ஆசிரியர் ஆனார். அவரைக் கப்பலில் ஏற்ற மறுத்த அதே ஆட்சி, தன் அதிகாரிகளுக்குப் பாடம் சொல்ல அவரை அமர்த்திக்கொண்டது!

தீயில் எரிந்த உழைப்பு

1812-ம் ஆண்டு மார்ச்சு 11-ந் தேதி செராம்பூர் அச்சுக்கூடத்தில் தீப்பிடித்தது. பல மொழி அச்சு எழுத்துக்கள் உருகின. காகிதம் சாம்பலாயிற்று. கேரி பல ஆண்டுகள் பாடுபட்டுத் தொகுத்த பன்மொழி அகராதியும் எரிந்துபோயிற்று.

கல்கத்தாவில் இருந்த கேரி திரும்பி வந்து சாம்பலைப் பார்த்தார். அச்சு எந்திரங்களும், எழுத்து வார்க்கும் அச்சுகளும் தப்பியிருந்தன. உடனே எழுத்துக்களை வார்க்கத் தொடங்கினார்கள். எரிந்த மொழிபெயர்ப்புகளைக் கேரி மீண்டும் எழுத உட்கார்ந்தார். சில மாதங்களில் அச்சுக்கூடம் மறுபடி ஓடியது.

1818-ல் செராம்பூர்க் கல்லூரி தோன்றியது. உடன்கட்டை ஏறும் வழக்கத்தை ஒழிக்கவும் கேரி பல ஆண்டுகள் பாடுபட்டார். 1829 டிசம்பரில் பெண்டிங்கு பிரபு அதைத் தடை செய்தார். அந்த ஆணையை வங்காளியில் மொழிபெயர்க்கும் பணி கேரியிடம் வந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. ஒரு நாள் தாமதமானாலும் ஓர் உயிர் போகலாம் என்று, கோவில் பிரசங்கத்தை வேறொருவரிடம் விட்டுவிட்டு மொழிபெயர்க்க உட்கார்ந்தார்.

1834-ம் ஆண்டு ஜுன் 9-ந் தேதி, 72-வது வயதில், செராம்பூரில் கேரி காலமானார். இங்கிலாந்துக்கு அவர் ஒருமுறைகூடத் திரும்பிப் போகவில்லை.

முதல் ஏழு ஆண்டுகளில் ஒருவரும் அவர் பக்கம் வரவில்லை. ஆனால் யாரும் வராத அந்த நாட்களில் அவர் கற்ற மொழிதான், பிறகு அவர் செய்த வேலை அனைத்துக்கும் அடிப்படை ஆயிற்று.