வில்லியம் லாம்டன்

வில்லியம் லாம்டன் (இறப்பு: சனவரி 20, 1823) பிரித்தானியப் படை அதிகாரியும் நில அளவையாளரும் ஆவார். பின்னாளில் இந்தியப் பெரும் முக்கோணவியல் அளவீடு எனப் பெயர் பெற்ற பணியைத் தொடங்கி, இறக்கும் வரை 20 ஆண்டுகளுக்கும் மேலாக நடத்தியவர் இவரே. அப்பணிக்கு அடிப்படையான கோடு, இன்றைய தென்சென்னைப் புறநகரில் பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையே 1802 ஆம் ஆண்டில் அளக்கப்பட்டது.

இளமையும் படைப்பணியும்

லாம்டன் இங்கிலாந்தின் யார்க்சயரில், நார்தலர்ட்டன் நகருக்கு அருகே, 1750களில் எளிய குடும்பமொன்றில் பிறந்தார். கணிதத்தில் தேர்ச்சி பெற்ற இவர், அமெரிக்க விடுதலைப் போர்க் காலத்தில் தரைப்படையில் சேர்ந்தார். பின்னர் வட அமெரிக்காவின் நியூ பிரன்சுவிக் பகுதியில் பல ஆண்டுகள் பணியாற்றினார். நாற்பது வயதைக் கடந்த பின்னரும் லெப்டினன்ட் நிலையிலேயே இருந்த இவர், 33 ஆம் படைப்பிரிவுடன் இந்தியா வந்தார்.

1799 ஆம் ஆண்டு நான்காம் மைசூர்ப் போரின்போது, இரவில் சென்ற படை திசைமாறி எதிரியை நோக்கிச் செல்வதை விண்மீன்களைக் கொண்டு அறிந்து, தளபதி பேர்டை எச்சரித்தார். போருக்குப் பின், தென்னிந்தியாவை முக்கோண முறையில் அளக்கும் திட்டத்தை முன்வைத்தார். அப்போது அப்படைப்பிரிவின் தலைவராயிருந்த ஆர்தர் வெல்லசுலி இதற்குத் துணைநின்றார். சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஒப்புதல் அளித்தார்.

பரங்கிமலை அடிக்கோடு

முக்கோண முறையில் ஒரு பக்கத்தின் நீளத்தை மட்டும் தரையில் அளந்தால் போதும். மற்றவற்றைக் கோணங்களைக் கொண்டு கணக்கிடலாம். ஆனால் அந்த முதற்பக்கத்தில் நேரும் பிழை பின்வரும் எல்லா முக்கோணங்களிலும் தொடரும். எனவே ஏப்ரல் 10, 1802 அன்று தொடங்கிய இவ்வேலை மிகுந்த கவனத்துடன் நடைபெற்றது.

கோட்டின் நீளம் சுமார் 7.5 மைல் (12 கி.மீ.). 100 அடி எஃகுச் சங்கிலியை ஏறத்தாழ 400 முறை நகர்த்தி அளக்க வேண்டியிருந்தது. வெப்பநிலை 10 பாகை செல்சியசு உயர்ந்தால் அச்சங்கிலி ஏறத்தாழ 3.5 மி.மீ. நீளும். இதைக் கணக்கில் கொள்ளாவிடில் முழுக் கோட்டிலும் 1.4 மீட்டர் வரை பிழை சேரும். கோடைக்காலமாதலால், சங்கிலியை முக்காலிகளின் மேல் மரப்பெட்டிகளில் கிடத்தி, வெப்பமானிகள் வைத்து ஒவ்வோர் அளவும் திருத்தப்பட்டது.

பெரும் வில்

கோணங்களை அளக்க இங்கிலாந்திலிருந்து அனுப்பப்பட்ட, ஏறத்தாழ அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியை வழியில் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றி மொரீசியசுக்குக் கொண்டுசென்றனர். பின்னர் அவர்களே திருப்பி அனுப்பினர். 1808 இல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தின் மேல் ஏற்றுகையில் கயிறு அறுந்து கருவி மோதிச் சிதைந்தது. லாம்டன் பல வாரங்கள் உழைத்துத் தாமே அதைச் சீராக்கினார்.

சென்னை முதல் மங்களூர் வரை அளந்தபோது, தீவக்குறையின் அகலம் அதுவரை கருதப்பட்ட 400 மைல் அன்று, 360 மைல் மட்டுமே எனத் தெரிந்தது. கிழக்கு 78 பாகை நெடுவரையையொட்டிக் குமரிமுனைப் பகுதியிலிருந்து வடக்கே ஏறத்தாழ 10 பாகை நீள வில் அளக்கப்பட்டது. புவியின் வடிவத்தைக் கணிக்க இது உதவியது. 1817 இல் லாம்டன் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானார்.

மறைவும் மதிப்பீடும்

ஐதராபாத்திலிருந்து நாகபுரி நோக்கிச் சென்றபோது, இன்றைய மகாராட்டிர மாநிலத்தின் இங்கன்காட்டில் லாம்டன் காலமானார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். அவருக்குப் பின் பணியைத் தொடர்ந்த சார்ச்சு எவரெசுட்டின் பெயர் உலகின் மிக உயர்ந்த சிகரத்திற்கு இடப்பட்டது. தொடங்கிவைத்த லாம்டனைப் பலர் அறியார்.

இவ்வளவீடு அறிவியலுக்கு மட்டுமன்றி, கிழக்கிந்தியக் கம்பெனியின் படைநகர்வுக்கும் ஆட்சிக்கும் பயன்பட்டது. சங்கிலி இழுத்தும் கொடி பிடித்தும் கருவி சுமந்தும் உழைத்த இந்தியர் பலரின் பெயர்கள் வரலாற்றில் இடம்பெறவில்லை. பரங்கிமலையில் லாம்டனின் மார்பளவுச் சிலை அமைந்துள்ளது.