தபாலில் வந்த 'அம்மா கிளாஸ்': லூயிஸ் டிரேசியின் கதை

இரண்டு வயசாகியும் குழந்தை பேசலை, கூப்பிட்டா திரும்பிப் பார்க்கலை. இப்போதெல்லாம் அம்மா, அப்பா மொபைலில் ஒரு வீடியோ காலில் உட்கார்ந்து, அந்தக் குழந்தையோடு எப்படி விளையாடுவது, எப்படிப் பேச்சுக் கொடுப்பது என்று கற்றுக்கொள்ள முடிகிறது. ஏதோ கொரோனாவுக்கு அப்புறம் வந்த விஷயம்னு நினைச்சுடாதீங்க. 80 வருஷத்துக்கு முன்னாலயே, இன்டர்நெட் இல்லாத காலத்தில், இதைத் தபாலிலேயே செய்து காட்டியவர் லூயிஸ் டிரேசி.

இவர் 1896-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தவர். நாடக நடிகை. 1923-ல் சக நடிகர் ஒருவரைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டார். அப்போது அவர் கையில் காசில்லாத நாடக நடிகர். பின்னாளில் தொடர்ந்து இரண்டு வருஷம் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் வாங்கிய ஹாலிவுட் ஸ்டார் ஸ்பென்சர் டிரேசி அவர்தான்.

ஒரு கதவுச் சத்தம்

1924-ல் மகன் ஜான் பிறந்தான். பத்து மாசக் குழந்தையாக இருந்தபோது, ஒருநாள் அவன் தூங்கிக்கொண்டிருந்த இடத்தில் கதவு டமார்னு சாத்திக்கொண்டது. அய்யோ, முழிச்சுக்குவானே என்று பதறித் திரும்பினார் லூயிஸ். அவன் அசையவே இல்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டார். அதற்கும் அசைவில்லை. தொட்ட பிறகுதான் கண் திறந்தான்.

குழந்தைக்குக் காது கேட்கவில்லை. குணப்படுத்த வழியில்லை என்று டாக்டர்கள் கைவிரித்தார்கள். கைக்குழந்தைக்கு மாட்டும் காது மெஷின் எல்லாம் அப்போது கிடையாது. பள்ளிக்கூட வயது வரும்வரை காத்திருப்பதுதான் வழக்கம். அதுவரை வீட்டில் என்ன செய்வது என்று பெற்றோருக்குச் சொல்லித்தர ஆளில்லை.

லூயிஸ் காத்திருக்கவில்லை. கிடைத்ததையெல்லாம் படித்தார், தெரிந்தவர்களிடம் கேட்டார். மகனின் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, வெளிச்சம் தன் முகத்தில் படும்படி பார்த்துக்கொண்டு பேசினார். பந்து கையில் இருந்தால் பந்தைப் பற்றி, சாப்பாடு தட்டில் இருந்தால் சாப்பாட்டைப் பற்றி. ஒரே வார்த்தையை நாள் முழுக்க, மாசக் கணக்கில். குளிப்பாட்டுவது, டிரஸ் போடுவது எல்லாமே பாடம். உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளப் பழகிய பிறகு, ஜான் மெல்லப் பேசவும் கற்றுக்கொண்டான். நடுவில் போலியோவும் வந்து அவனைப் படுக்க வைத்தது. லூயிஸ் விடவில்லை. மேடை வாழ்க்கை மட்டும் அவரை விட்டுப் போய்விட்டது.

குழந்தைக்கு முன்னால் பெற்றோருக்கு

1942-ல் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் தன் அனுபவத்தைப் பேச லூயிஸை அழைத்தார்கள். அந்தப் பேச்சைத் தொடர்ந்து அவரைத் தேடி மற்ற அம்மாக்கள் வந்தார்கள். அவர்களோடு சேர்ந்து, பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு சின்ன வீட்டில் 'ஜான் டிரேசி கிளினிக்'கைத் தொடங்கினார். ஸ்பென்சர் பண உதவி செய்தார். குடும்ப நண்பர் வால்ட் டிஸ்னியும் நிர்வாகக் குழுவில் சேர்ந்தார்.

டீச்சர் ஒரு மணி நேரம்தான் இருப்பார், குழந்தை மீதி நேரமெல்லாம் வீட்டில்தானே? அதனால் முதலில் பயிற்சி தர வேண்டியது பெற்றோருக்கு. இதுதான் லூயிஸின் கணக்கு.

சரி, லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வர முடியாதவர்கள்? 1943-ல், போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில், தபால் வழிப் பாடத்தை ஆரம்பித்தார். பாடம் வீட்டுக்கு வரும். செய்து பார்த்துவிட்டு, குழந்தை என்ன செய்தான் என்று பெற்றோர் எழுதி அனுப்ப வேண்டும். அந்தக் குழந்தைக்கென்றே பதில் கடிதம் வரும். கட்டணம் ஒரு பைசா கிடையாது. பல நாடுகளுக்கு, பல மொழிகளில் அந்தப் பாடங்கள் போயின. பின்னாளில் ஆன்லைனுக்கும் வந்தன.

இன்னொரு பக்கம்

வெளியே இத்தனை பேருக்கு நம்பிக்கை கொடுத்தவரின் வீட்டில் நிலைமை வேறு. ஸ்பென்சர் பிரிந்து போய், நடிகை கேத்தரின் ஹெப்பர்னுடன் கடைசிவரை நெருக்கமாக வாழ்ந்தார். விவாகரத்து மட்டும் நடக்கவில்லை.

லூயிஸின் வழிக்கு விமர்சனமும் உண்டு. பேச்சுக்கும் உதட்டசைவுக்கும் மட்டுமே முக்கியத்துவம் தந்து, சைகை மொழியை ஒதுக்கியது அந்தப் பள்ளிமுறை. சைகையும் முழுமையான மொழிதான், அதைக் குழந்தைக்கு மறுக்கக் கூடாது என்று காது கேளாதோர் சமூகம் இன்று வாதாடுகிறது. நியாயமான வாதம்தான்.

ஜான் ஓவியக் கல்லூரியில் படித்து, டிஸ்னி ஸ்டூடியோவில் வேலை பார்த்தார். கல்யாணம், மகன் என்று வாழ்ந்தார். பிறகு பார்வையும் மங்கியது. காதையும் கண்ணையும் சேர்த்துப் பாதிக்கும் 'அஷர் சிண்ட்ரோம்' என்ற மரபணுக் குறைபாடுதான் காரணம் என்று தெரிந்தது. பிள்ளைக்கு இப்படி ஆனதற்கு அம்மாவோ அப்பாவோ செய்த எந்தத் தப்பும் காரணமில்லை. 1983-ல் லூயிஸும், 2007-ல் 82 வயதில் ஜானும் மறைந்தார்கள்.

உங்க வீட்டிலோ, அக்கா வீட்டிலோ ஒரு வயசுக் குழந்தை பேர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பலைன்னா, விரல் நீட்டி எதையும் காட்டலைன்னா, 'அவங்க அப்பாவும் லேட்டாதான் பேசினான்'னு தள்ளிப்போடாதீங்க. முதலில் காது டெஸ்ட் எடுங்க. காது நன்றாகக் கேட்டால், ஆட்டிசம் போன்ற வேறு காரணம் உண்டா என்று குழந்தைகள் நல மருத்துவரிடம் கேளுங்க. ரிசல்ட் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். போனைக் கீழே வைத்துவிட்டு, குழந்தையின் முகத்துக்கு நேரா தரையில் உட்காருங்க. அது கையில் இருக்கும் பொம்மையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லுங்க. அதோட பதிலுக்குக் கொஞ்சம் காத்திருங்க.