தங்கையை இழந்த டாக்டர்



சென்னை அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியைக் கேள்விப்படாத குடும்பம் நம்மில் இராது. யாரோ ஓர் அத்தை, யாரோ ஒரு சித்தப்பா, அந்த வாசலை மிதித்திருப்பார். அந்த ஸ்தாபனத்துக்கு மூல காரணம் 1923-ல் நிகழ்ந்த ஒரு தங்கையின் மரணம் என்பதை இளைய தலைமுறையினர் அநேகமாக அறியார்கள். ஆகவே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவில் எழுதுகிறேன்.

அவர் 1886 ஜூலை 30-ஆம் தேதி புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசுவாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் பிரின்சிபால். தாயார் சந்திரம்மாள் தேவதாசி குலத்தில் பிறந்தவர். அந்த விவாகத்துக்காக ஐயரை அவருடைய உறவினர்களே ஒதுக்கி வைத்தார்கள். நம் பத்திரிகையில் இதை மூடி மறைக்க வேண்டிய அவசியமில்லை என்பது என் அபிப்பிராயம். பெண்கள் படிக்காத அந்தக் கல்லூரியில் மகாராஜாவின் அனுமதியால் சேர்ந்து படித்து, 1907-ல் மதராஸ் மருத்துவக் கல்லூரியில் நுழைந்தார். 1912-ல் டாக்டர் பட்டம் பெற்றார். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்பது கல்யாணத்துக்கு முன் அவர் போட்ட நிபந்தனை. ரெட்டி அதைக் கடைசிவரை காப்பாற்றினார்.

1923-ல் அவருடைய தங்கை புற்றுநோயால் காலமானார். அக்காவோ மதராஸில் பெயர் பெற்ற டாக்டர். வீட்டில் இன்னொரு டாக்டர், ஊரெல்லாம் தெரிந்த டாக்டர்கள். இருந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை. மதராஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில் பர்னார்ட் கதிரியக்க நிலையம் திறக்கப்பட்டதே 1934-ல்தான் என்றால், அன்றைய நிலைமையை ஊகித்துக் கொள்ளலாம். வைத்தியம் தெரியாதவருக்குத் துக்கம் மட்டும்தான். தெரிந்தவருக்கு அடுத்து என்ன நடக்கும் என்பதும் முன்கூட்டியே தெரியும். அது இரட்டை வேதனை.

1925-ல் மேற்படிப்புக்காக லண்டன் சென்றார். புற்றுநோய்க்கென்றே தனி ஆஸ்பத்திரி அங்கே இயங்குவதைப் பார்த்தார். நம் ஊரில் ஏன் இருக்கக் கூடாது என்ற எண்ணம் அங்கேதான் உறுதிப்பட்டது.

ஆனால் காரியம் உடனே நடந்துவிடவில்லை. ஊர் திரும்பியதும் மதராஸ் சட்டசபைக்கு நியமனம், 1927-ல் அதன் துணைத் தலைவர் பதவி. தேவதாசி முறை ஒழிப்பு, பால்ய விவாகத் தடுப்பு என்று வாதாடிய காலம் அது. 1930-ல் காந்திஜி கைதானதும் பதவியை உதறினார். அதே ஆண்டில் ஆதரவற்ற பெண்களுக்காக ஔவை இல்லத்தைத் தொடங்கினார். இவையெல்லாம் புத்தகங்களில் விரிவாக உள்ளன.

1935-ல் மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் பேசும்போது, புற்றுநோய்க்குத் தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டார். அரசாங்கத்தில் யாரும் அதற்குச் செவி சாய்க்கவில்லை. தீராத வியாதிக்கு எதற்கு ஆஸ்பத்திரி என்ற நினைப்பே அன்று மேலோங்கியிருந்தது. இந்திய மாதர் சங்கத்தின் மூலம் வீடு வீடாக நிதி திரட்டினார். 1952 அக்டோபர் 10-ஆம் தேதி நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ஆம் தேதி ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. கொட்டகை போன்ற சிறிய கட்டடம், 12 படுக்கைகள், அவ்வளவே. தங்கை போய் 31 வருஷம் ஆகியிருந்தது. அம்மையாருக்கு வயது 68-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியை நடத்த மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி வந்தார். 1955-ல் டாக்டர் சாந்தா சேர்ந்தார். சர் சி.வி. ராமனின் உறவுவழிப் பேத்தியான சாந்தாவுக்கு எழும்பூர் பெண்கள், குழந்தைகள் ஆஸ்பத்திரியில் அரசு வேலை தயாராக இருந்தது. அதை விட்டுவிட்டு இந்தக் கொட்டகைக்கு வந்தார் என்பதை அரசு உத்தியோகத்தில் காலம் கழித்த என்னைப் போன்றவர்கள் சற்று நிதானித்து யோசிக்க வேண்டும்.

விஞ்ஞானம் படித்தவன் என்பதால் ஒரு விஷயத்தை விட்டுவிட மனம் வரவில்லை. இந்தியாவின் முதல் கோபால்ட்-60 சிகிச்சை இயந்திரங்களில் ஒன்று 1950-களின் பிற்பகுதியில் அங்கே வந்தது. கோபால்ட்-60 ஒரு கதிரியக்க உலோகம். அது வெளியிடும் காமா கதிர்கள் தோலை அதிகம் சுடாமல் உடலுக்குள் ஆழமாகச் சென்று கட்டியைத் தாக்கும். பழைய எக்ஸ்ரே சிகிச்சையில் தோல் கருகிவிடும். சுமார் 5 வருஷம் 3 மாதத்தில் அதன் வீரியம் பாதியாகிவிடும். ஆகவே கோபால்ட்டை அவ்வப்போது மாற்றியாக வேண்டும். அதற்கும் பணம் தேடியாக வேண்டும். ஏழைகளுக்கு இலவச சிகிச்சை என்று ஆரம்பித்துவிட்டு இதையும் சமாளித்தார்கள்!

கோலார் தங்கவயலில் ஸ்கெலட்டனில் நாங்கள் குடியிருந்தோம். சுரங்கக் கம்பெனி ஆஸ்பத்திரிக்கு நல்ல பெயர் உண்டு. ஆனால் கட்டி என்று சந்தேகம் வந்துவிட்டால் பங்காருப்பேட்டை போய் மெட்ராஸ் ரயில் ஏற வேண்டியதுதான். பெங்களூரில் கித்வாய் ஆஸ்பத்திரி வந்தது 1973-ல். எதிர் வீட்டு மாமி ஒருவர் 1969-ல் அப்படி அடையாறு போனார். வீட்டில் எல்லோரும் வாய்விட்டு அழுது வழியனுப்பினார்கள். இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தார். அதன்பின் பதினெட்டு வருஷம் இருந்து, மூன்று பேத்திகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தார். ஆஸ்பத்திரியைத் தொடங்கியவர் யார் என்று மாமிக்குக் கடைசிவரை தெரியாது.

மாமி அடையாறு போவதற்கு முந்தின வருஷம், 1968 ஜூலை 22-ஆம் தேதி, முத்துலட்சுமி ரெட்டி காலமாகியிருந்தார். டாக்டர் சாந்தா அந்த வளாகத்திலேயே வாழ்ந்து 2021 ஜனவரியில் மறைந்தார்.